ஏரிக்குப் போக ஒன்பது நாள் மூட்டை கட்டியவர்

டபுள் செக் என்ற பெயரை அவருக்கு வைத்தது அலுவலகம். பெற்றோர் வைத்த பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. அவர் லிஃப்ட் பரிசோதகர். நாலு மாடிக் கட்டடமோ நாற்பது மாடிக் கட்டடமோ, வருஷத்துக்கு ஒருமுறை இவர் போய் இரும்புக் கயிற்றைத் தடவி, பிரேக்கைப் போட்டுப் பார்த்து, மூடும் கதவுக்கு நடுவே ஒரு மரக்கட்டையை நீட்டி அது திரும்பத் திறக்கிறதா என்று சோதித்து, அதற்கப்புறம்தான் கையெழுத்துப் போடுவார். இருபத்தாறு வருஷத்தில் கண்ணால் பார்க்காத லிஃப்டுக்கு ஒரு கையெழுத்தும் போட்டதில்லை. யாராவது கட்டட மேலாளர் காபி வரவழைத்தால், "எதுக்கு இந்தக் காபி? நான் எதைப் பார்க்கக் கூடாதுன்னு நினைக்கிறீங்க?" என்று முகத்துக்கு நேரே கேட்பார். கேட்டுவிட்டுக் காபியைக் குடித்தும் விடுவார், அது வேறு விஷயம்.

வீட்டிலும் இதே கதைதான். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். பூட்டு சரியாக இருந்தால் மற்றவர்களுக்கு நிம்மதி வரும். இவருக்கு, அப்படியானால் தப்பு வேறெங்கோ இருக்கிறது என்று தோன்றும். தன் நிழல் பின்னால் வந்தாலே 'நீ யார், எதற்கு வருகிறாய்' என்று கேட்கிற ஆள்.

இப்படிப்பட்ட மனிதருக்குத் தண்ணீர் மேல் எப்படி ஆசை வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு ஆள் மட்டும் உட்காரக்கூடிய பத்தடி நீளக் கயாக் படகு ஒன்று வாங்கி வைத்திருந்தார். வருஷத்துக்கு மூன்று நாலு தடவை, இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கும் பெரிய ஏரிக்குப் போய், கரை கண்ணுக்குத் தெரியாத தூரம் வரை துடுப்புப் போட்டு, தூண்டிலை வீசிவிட்டு உட்கார்ந்திருப்பார். கூடவே மனைவியின் தம்பி தன்னுடைய கயாக்கில் வருவான். அவன் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். குள்ளம், இடதுகைப் பழக்கம், வாய் ஓயாது. மீனைவிட அவன் பேச்சுக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும்.

ஏரிக்குப் போவதென்றால் ஒன்பது நாளுக்கு முன்பே சாமான் கட்டத் தொடங்கிவிடுவார். கயாக்கைப் பின்கட்டிலிருந்து தூக்கி வந்து கூடத்தின் நடுவில் போடுவார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நேராக நடந்து சமையலறைக்குப் போக முடியாது. சோபாவின் மேல் தூண்டில்கள், தொலைக்காட்சியின் முன் இரைப் பெட்டி, சாப்பாட்டு மேஜையின் மேல் இடுக்கியும் கத்தியும் கைவலையும். பரிசோதனைப் படிவத்தின் பின்பக்கத்தில் பட்டியல் எழுதுவார், அடிப்பார், மறுபடி எழுதுவார்.

"ஒரு தூண்டில் போதாதா?" என்று மனைவி கேட்டாள். அவள் ஒரு துணிக்கடையில் ஆல்டரேஷன் பிரிவில் தையல் வேலை பார்ப்பவள்.

"ஒண்ணு எடுத்துட்டுப் போனா அது உடையும். ரெண்டு எடுத்துட்டுப் போனா ஒண்ணுதான் உடையும்."

"மூணு எடுத்து வச்சிருக்கீங்களே."

"ரெண்டாவதையும் நம்ப முடியாது. அது தள்ளுபடில வாங்கினது."

கயாக் நூற்றிருபது கிலோ தாங்கும். அவரே எண்பத்தெட்டு. மிச்சம் முப்பத்திரண்டு கிலோவுக்குள் எல்லாம் அடங்க வேண்டும். குளியலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்து எடை பார்ப்பார், தராசு பொய் சொல்கிறதா என்று ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துத் தராசையும் சோதிப்பார். சர்க்கரைக் கடைக்காரர் சரியாக நிறுத்தாரா என்ற சந்தேகம் அடுத்து வரும். இரண்டாவது நங்கூரத்தை எடுப்பதா விடுவதா என்று ஒரு சாயங்காலம் முழுக்க யோசித்தார்.

"வயித்தைக் கொஞ்சம் குறைச்சா மூணாவது நங்கூரம்கூட வைக்கலாம்," என்றாள் மனைவி, இவருடைய கால்சட்டை இடுப்பைப் பிரித்து விட்டுக்கொண்டே. கல்யாணத்துக்கு வாங்கியதை அல்ல, போன வருஷம் வாங்கியதை.

எல்லாம் முடிவானதும் கண்மூடி ஒத்திகை. கூடத்தில் கிடக்கும் கயாக்கில் ஏறி உட்கார்ந்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கத்தி" என்று தனக்குத் தானே சொல்வார். கை வலது விலாப்பக்கம் போய்க் கத்தியைத் தொட வேண்டும். "விசில்" என்றால் இடது தோள்பட்டை. "தண்ணி" என்றால் முழங்காலுக்கு நடுவில். கயாக் கவிழ்ந்து கண்ணில் தண்ணீர் அடித்தாலும் கை தானாகப் போக வேண்டும் என்பது அவருடைய கணக்கு. ஒவ்வொரு சாமானையும் ஒரு சிறு கயிற்றால் கயாக்கில் கட்டியிருப்பார். கட்டாத சாமான் ஏரிக்குச் சொந்தம் என்பார். ஐம்பத்தாறு வயசு மனிதர் வரவேற்பறையில் கண்ணை மூடி உட்கார்ந்து காற்றைத் துழாவுவதைப் பார்த்து, மின்கட்டணக் கணக்கெடுக்க வந்தவர் ஒருமுறை வாசலோடு திரும்பிப் போனதுண்டு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஒன்றை மறைத்தால் பிறகு என்னைத் திட்டுவீர்கள். அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்த மகானுபாவர் லைஃப் ஜாக்கெட் போடமாட்டார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன் கயாக் வாங்கிய புதிதில் மனைவி இரண்டு நிபந்தனை போட்டாள். எந்த ஏரி, எந்தப் பக்கம், எத்தனை மணிக்குத் திரும்புவது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். தண்ணீரில் இருக்கிற அத்தனை நேரமும் லைஃப் ஜாக்கெட் உடம்பில் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் கயாக்கை விற்றுவிட வேண்டும். அவள் சும்மா சொல்லவில்லை. கடையில் அவளுக்குப் பக்கத்து மெஷினில் தைத்தவளின் புருஷன் அதே ஏரியில் படகு கவிழ்ந்து போய்விட்டார். அவருடைய லைஃப் ஜாக்கெட் மடிப்புக் கலையாமல் காரின் பின்பக்கம் இருந்தது. அதைப் போய் எடுத்து வந்தவள் இவள்தான்.

டபுள் செக் எழுதிக் கொடுப்பதில் குறை வைக்கவில்லை. ஜாக்கெட் விஷயம் வேறு. தூண்டில் வீசும்போது தோளில் இடிக்கிறது, வியர்க்கிறது, ஆபத்து வந்தால் போட்டுக்கொள்ளலாமே என்று முதல் நாளே கழற்றி முதுகுக்குத் தலையணையாக வைத்துக்கொண்டார். அன்று வீடு திரும்பும்போதுதான் உறைத்தது, அது காய்ந்து மொடமொடவென்று இருந்தது. கரையோரம் ஒரு முக்கு முக்கி எடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "போட்டிருந்தீங்களா?" "போட்டிருந்தேன்." ஈர ஜாக்கெட்டைப் பார்த்தாள், வாங்கிப் போய்க் காயப்போட்டாள். அதிலிருந்து ஒவ்வொரு தடவையும் இதே முக்கு, இதே கேள்வி, இதே பதில். மைத்துனனும் பக்கத்தில் நின்று தலையாட்டுவான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பன்னிரண்டு வருஷம் சாப்பாடு நடந்தது.

இந்த முறை சிக்கல் மூன்றாம் நாள் ஆரம்பித்தது. சாயங்காலம் ஒத்திகைக்கு உட்கார்ந்து "கத்தி" என்றார். வலதுகை விலாப்பக்கம் போனது, அங்கே ஒன்றுமில்லை. கண்ணைத் திறந்தார். கத்தி இடது பக்கத்தில் இருந்தது. நேற்று ராத்திரி தன் கையால் வலப்பக்கம் மாட்டிய கத்தி.

"நீ இதைத் தொட்டியா?"

"வீட்டைப் பெருக்கினேன். பெருக்கும்போது நாலு சாமான் நகரத்தான் செய்யும்," என்றாள் மனைவி.

பெருக்குமாறு தட்டினால் கத்தி நகரலாம், உறையோடு கழன்று எதிர்ப்பக்கம் போய் மாட்டிக்கொள்ளுமா? மறுநாள் பார்த்தால், சாமான்களுக்கு அடியில் செருகி வைத்திருந்த லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது. அதை எடுத்து மறுபடி அடியில் தள்ளினார். அதற்கடுத்த நாளும் அது மேலே வந்திருந்தது. மறுபடி தள்ளினார். அதைப் பற்றி யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவருக்குக் குறுகுறுத்தது, ஆனால் அதைக் கத்தியின் மேல் சந்தேகமாக மாற்றிக்கொண்டார்.

ஆறாம் நாள் கிடைத்தது பெரிய தடயம். கயாக்கில் உட்கார்ந்து காலை நீட்டினார், முழங்கால் மடங்கி நின்றது. கால் வைத்து உந்தும் மிதிகள் பல் பல்லாக ஒரு தண்டவாளத்தில் நகரும். இவருக்கு ஏழாவது பல். இரண்டு மிதியும் இப்போது நாலாவது பல்லில் இருந்தன. தன்னைவிடக் கால் குட்டையான ஒரு ஆள் தன் கயாக்கில் உட்கார்ந்திருக்கிறான். கத்தி இடப்பக்கம் போனதால், அவன் இடதுகைக்காரன்.

குள்ளம், இடதுகை, வீட்டுக்கு ஒரு மாற்றுச் சாவி. ஆத்திர அவசரத்துக்கென்று அந்தச் சாவியை மைத்துனனிடம் கொடுத்து வைத்தது அவரே. கொடுத்த அன்றே மனசு சொன்னது, கேட்டாரா?

எதற்காக வருகிறான் என்பதுதான் புரியவில்லை. இரைப் பெட்டியைத் திறந்து எண்ணினார், நாற்பத்தொன்று, ஒன்றும் குறையவில்லை. போன முறை பெரிய மீன் விழுந்த அந்தப் பச்சைவால் இரையும் இருந்தது. திருடன் எதையும் எடுக்கவில்லை என்பது அவரை இன்னும் கலவரப்படுத்தியது. எடுத்திருந்தால் திருட்டு என்று விட்டுவிடலாம். எடுக்காமல் போகிறவன் வேறு திட்டத்தோடு வருகிறான். கட்டிய முடிச்சுகளைப் படித்துக்கொள்கிறானோ? தான் எந்த மூலையில் மீன் பிடிக்கிறோம் என்பதைச் சாமானை வைத்தே கண்டுபிடித்து, தனியாகப் போகப் பார்க்கிறானோ? ராத்திரி படுக்கையில் புரண்டு புரண்டு யோசித்துப் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்ற முடிவுக்கு வந்தார்.

எட்டாம் நாள் காலை மனைவி கடைக்குக் கிளம்பிய பின், கயாக்கின் இருக்கைக்குக் குறுக்கே அவளுடைய தையல் பெட்டியிலிருந்தே ஒரு கறுப்பு நூலை எடுத்துக் கட்டினார். தரையில் முகப்பவுடரைத் தூவினார். சாயங்காலம் வந்து பார்த்தால் நூல் அறுந்திருந்தது. தரை சுத்தமாகத் துடைத்திருந்தது.

"பவுடரை யாரு இப்படிக் கொட்டினது? ஒரு டப்பா காலி," என்றாள் மனைவி.

"கை தவறிடுச்சு."

"உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். உலகத்திலுள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட மனிதர், அந்த ஒரு பார்வையைச் சந்தேகப்படாமல் விட்டார்.

வெள்ளிக்கிழமை, அதாவது கிளம்புவதற்கு முதல் நாள், ஒரு பதினெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில் லிஃப்ட் மோட்டார் அறையில் நின்றுகொண்டு மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மாப்ள, நேத்து மத்தியானம் எங்க இருந்த?"

"கடையில, அத்தான். ஏன்?"

"என் வீட்டுச் சாவி எங்க இருக்கு?"

"என் வீட்டு ஆணியில தொங்குது. என்ன ஆச்சு?"

"நடிக்காத. என் கயாக்ல உட்கார்ந்தது நீ. கால்மிதி நாலாவது பல்லுல இருக்கு. கத்தி இடது பக்கம் இருக்கு. இந்த ஊர்ல இடதுகைக் குள்ளன் வேற யாரு எனக்குச் சொந்தம்?"

எதிர்முனையில் அவன் குரல் மாறியது. "அத்தான், குள்ளன்னு சொன்னீங்க பாருங்க, அதுகூடப் பரவாயில்ல. என் கயாக்கை விட்டுட்டு உங்க ஓட்டைக் கயாக்ல நான் எதுக்கு உட்காரணும்? பன்னிரண்டு வருஷமா உங்களுக்காக என் கூடப்பிறந்த அக்கா மூஞ்சியைப் பார்த்து நான் தலையாட்டிட்டு இருக்கேன். ஒவ்வொரு தடவையும் நீங்க அந்த ஜாக்கெட்டை முக்கும்போது நான் வேற பக்கம் திரும்பிக்குவேன். அந்த நன்றிகூட இல்லாம என்னையே திருடன்கிறீங்களா? நாளைக்கு நான் வரல. இனிமே எந்த நாளைக்கும் வரல."

போனை வைத்துவிட்டான். அவன் கோபம் உண்மையான கோபம் என்று டபுள் செக்குக்கே தெரிந்தது. அவனும் இல்லையென்றால் யார்? மணி பன்னிரண்டரை. வீட்டில் யாரும் இல்லாத இந்த நேரத்தில்தான் திருடன் வருவான். பரிசோதனையைச் சாயங்காலத்துக்கு ஒத்திவைத்துவிட்டுப் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தார். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு, பூட்டாமல் சாத்தியிருந்த கதவை ஒரு விரலால் தள்ளினார்.

கூடத்தில் கயாக்கில் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி. கண்ணை மூடியிருந்தாள். காலை நீட்டி நாலாவது பல்லில் வைத்திருந்தாள். உடம்பில் லைஃப் ஜாக்கெட். அக்கா தம்பி இரண்டு பேருக்கும் இடதுகைப் பழக்கம் என்பதும், இரண்டு பேரும் ஒரே உயரம் என்பதும் முப்பது வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். திருடன் என்றதும் ஆணைத் தேடியவரின் புத்தியை என்ன சொல்ல!

"நீயா?" என்றார்.

அவள் திடுக்கிடவில்லை. கண்ணைத் திறந்தாள். "நான்தான். இன்னைக்குச் சாயங்காலம் சொல்லலாம்னு இருந்தேன். நீங்களே வந்துட்டீங்க."

"இதுல உட்கார்ந்து என்ன பண்ற?"

"நீங்க என்ன பண்றீங்கன்னு பார்க்கறேன்." அவள் எழுந்திருக்கவில்லை. ஜாக்கெட்டின் முன்பக்கக் கொக்கியை ஒரு விரலால் தட்டினாள். "போன மாசம் இதோட தோள்பட்டைத் தையல் விட்டிருந்தது, தைக்க எடுத்தேன். இந்தப் பட்டையைப் பாருங்க. கொக்கி நின்ன இடத்துல ஒரே ஒரு மடிப்புத் தடம்தான் இருக்கு. பட்டையைத் தளர்த்தி இருந்தா ரெண்டாவது தடம் இருக்கும். வாங்கின அன்னைக்குக் கடைக்காரன் வச்ச அளவு. நான் மாட்டிப் பார்த்தேன். ஒரு நூல்கூட இழுக்கல, விடல. எனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு."

அவர் வாயைத் திறந்தார். அவள் கையை உயர்த்தினாள்.

"உங்க மார்பு நாற்பத்திநாலு இஞ்ச், இந்த அளவுக்குள்ள அடங்காது. பன்னிரண்டு வருஷத்துல எத்தனை சட்டை பிரிச்சு விட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? ஆனா கண்ணால பார்க்காம ஒருத்தர் மேல பழி போடக் கூடாது. நீங்கதானே அப்படிச் சொல்வீங்க? அதனாலதான் தினமும் சாமானை மாத்தி வச்சேன். இதை எடுத்து மேல போட்டேன். ஒரு தடவையாவது எடுத்து மாட்டிப் பார்ப்பீங்கன்னு நினைச்சேன். கத்தியைச் சோதிச்சீங்க, விசிலைச் சோதிச்சீங்க, சர்க்கரைப் பொட்டலத்தைச் சோதிச்சீங்க. இதை மட்டும் அடியில தள்ளினீங்க."

"அது இடிக்குதும்மா, தூண்டில் வீசும்போது," என்றார். சொல்லும்போதே அந்தச் சொல்லின் இளப்பம் அவருக்குக் கேட்டது.

"எத்தனை தடவை போட்டிருக்கீங்க?"

அவர் குனிந்து ஒரு முடிச்சை இறுக்கினார்.

"கேக்கறேன்ல?"

"போட்டதில்ல."

"அப்ப ஈரம்?"

"கரையில முக்கி எடுத்துட்டு வருவேன்."

அவளுக்கு இது தெரியாது. மாட்டியதே இல்லை என்பதைப் பட்டை சொல்லியிருந்தது, முக்கியதைச் சொல்லியிருக்கவில்லை. இத்தனை நாள் நிதானமாக இருந்தவளுக்கு இப்போதுதான் முகம் கோணியது. "முக்கி எடுத்துட்டு வருவீங்க," என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னாள். "நான் அதை வெயில்ல போட்டா நைஞ்சுபோகும்னு நிழல்ல காயப்போடுவேன். ஒரு சொட்டுத் தண்ணி நிக்காம பிழிஞ்சு பிழிஞ்சு காயப்போடுவேன். நீங்க ஏரியில இருக்கிற நாள் பூரா, 'ஜாக்கெட் போட்டிருக்காரு, ஜாக்கெட் போட்டிருக்காரு'ன்னு சொல்லிச் சொல்லித்தான் நான் மெஷினை மிதிப்பேன்." கொக்கியைக் கழற்றி, ஜாக்கெட்டை மடித்துக் கயாக்குக்குள் வைத்துவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள் சாப்பிடாமல் போனாள்.

அன்று சாயங்காலம் அவர் ஒரு நல்ல காரியம் செய்தார். மைத்துனனுக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டார். அவனிடம் அவர் கேட்ட முதல் மன்னிப்பு அது. "எனக்கு எதுக்கு அத்தான், அக்காகிட்டக் கேளுங்க," என்றான் அவன். கேட்டார். கயாக்கை விற்றுவிடுகிறேன் என்றும் சொன்னார். "வித்தா வித்துக்கங்க, வச்சுக்கிட்டா வச்சுக்கங்க," என்றாள், சண்டையில்லாத குரலில். அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கூடத்தில் கட்டிய முப்பத்திரண்டு கிலோவையும் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்து அலமாரியில் வைத்தார். அவிழ்க்கவே ஒன்றரை மணி நேரம் ஆனது.

சனிக்கிழமை அவளுக்குக் கடை உண்டு. தைத்து முடித்த துணி மூட்டை கனமாக இருந்தது. நான் தூக்கி வருகிறேன் என்று கூடவே கிளம்பினார். அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்கள். ஆல்டரேஷன் பிரிவு அந்தக் கட்டடத்தின் நாலாவது மாடியில். கீழே லிஃப்ட் கதவு திறந்து காலியாக நின்றது. போன மாதம்தான் அவர் அதைப் பரிசோதித்திருந்தார். உள்ளே கண்ணாடிச் சட்டத்துக்குள் சான்றிதழ், கீழே அவர் கையெழுத்து. அதில்தான் அவள் தினமும் ஏறி இறங்குவாள்.

அவர் மூட்டையோடு உள்ளே போய் நின்று, பொத்தானை அழுத்திக் கதவைப் பிடித்துக்கொண்டார். அவள் கதவைத் தாண்டிப் படிக்கட்டுப் பக்கம் போனாள்.

"நாலு மாடி," என்றார். "லிஃப்ட் இருக்கே."

"இருக்கட்டும்."

"ஏம்மா, அதை நானே பார்த்தேன். கயிறு, பிரேக், கதவு எல்லாம் நானே பார்த்தேன்."

அவள் மூன்றாவது படியில் நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி திரும்பினாள்.

"பார்த்திருப்பீங்க," என்று சொல்லிவிட்டு, மேலே ஏறினாள்.